எந்தக் கை பெரிய கை?

பத்தும் இரண்டும். சீட்டாடத் தெரிந்த எவரும் இந்த இரண்டு சீட்டையும் பார்த்து முகம் மலர மாட்டார்கள். ஆனால் இதே பத்தையும் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உலகப் போட்டியில் ஜெயித்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

அவர் பெயர் டாயில் பிரன்சன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். லாஸ் வேகாஸ் நகரில் 'பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ' என்ற சூதாட்ட விடுதியில் 1970-ம் ஆண்டு போக்கர் உலகப் போட்டி தொடங்கியது. 1976-ம் ஆண்டுப் போட்டியில் கடைசியாக மேசையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். பிரன்சன் ஒருவர். எதிரே ஜெஸ்ஸி ஆல்டோ.

அவர்கள் ஆடியது 'டெக்சாஸ் ஹோல்டம்' என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைப்பார்கள். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பந்தயம் ஏறும். கையில் உள்ள இரண்டு, நடுவில் உள்ள ஐந்து, ஆக மொத்தம் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். யாருடைய ஐந்து பெரியதோ அவருக்கே பணம்.

ஆல்டோ கையில் ஏஸ், ஜாக்கி. பிரன்சன் கையில் பத்து, இரண்டு.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ஏஸ், ஜாக்கி, பத்து. ஆல்டோவுக்கு ஏஸ் ஜோடி, ஜாக்கி ஜோடி, இரண்டும் சேர்ந்துவிட்டன. பிரன்சனுக்கு வெறும் பத்து ஜோடி. நான்காவது சீட்டு இரண்டு. இப்போது பிரன்சனிடமும் இரண்டு ஜோடி. ஆனாலும் ஆல்டோவின் ஜோடிகளே பெரியவை. கடைசிச் சீட்டைத் திறந்தார்கள். பத்து!

மூன்று பத்து, இரண்டு இரண்டு. இதற்குப் பெயர் 'ஃபுல் ஹவுஸ்'. ஏஸ் ஜோடியும் ஜாக்கி ஜோடியும் இதற்கு முன் நிற்க முடியாது. பிரன்சன் 2,20,000 டாலர் பரிசை அள்ளினார். அடுத்த ஆண்டு 1977-ல் மறுபடியும் இறுதி ஆட்டம். மறுபடியும் அவர் கையில் பத்தும் இரண்டும். மறுபடியும் கடைசிச் சீட்டு பத்து. மறுபடியும் அதே ஃபுல் ஹவுஸ். பரிசு 3,40,000 டாலர். அன்று முதல் பத்தும் இரண்டும் சேர்ந்த கைக்குச் சீட்டாட்டக்காரர்கள் 'டாயில் பிரன்சன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புதிதாகப் போக்கர் பழகுகிறவர் இந்த இடத்தில்தான் விழிப்பார். "ஏஸ் பெரிதா, பத்து பெரிதா? இரண்டு ஏஸும் இரண்டு ஜாக்கியும் வைத்திருப்பவன் எப்படித் தோற்கலாம்?" என்று கேட்பார்.

நியாயமான கேள்வி. ஆனால் போக்கரில் சீட்டின் பெருமை இரண்டாவது. முதலில் பார்ப்பது, அந்த ஐந்து சீட்டும் எப்படி ஜோடி சேர்ந்திருக்கின்றன என்பதை. எளிதில் சேராத கை பெரிய கை. அடிக்கடி சேருகிற கை சின்னக் கை. இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் எண்ணிக்கை.

எண்ணிப் பார்த்தால்

ஒரு கட்டில் 52 சீட்டு. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று நான்கு ரகம். ஒவ்வொரு ரகத்திலும் 13 சீட்டு. இந்த 52-ல் இருந்து ஐந்து சீட்டை எத்தனை விதமாக எடுக்கலாம்? கணக்குப் போட்டால் 25,98,960 விதம். ஏறக்குறைய 26 லட்சம்.

இந்த 26 லட்சத்தில் சரிபாதிக்கு எந்த மதிப்பும் கிடையாது! 13,02,540 கைகளில் ஒரு ஜோடிகூட இல்லை, வரிசையும் இல்லை, ஒரே ரகமும் இல்லை. இப்படிப்பட்ட கைக்கு அதில் உள்ள பெரிய சீட்டுதான் துணை. எதிராளிக்கும் ஒன்றும் சேராவிட்டால், யாரிடம் பெரிய சீட்டு இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அதற்கு மேலே ஒரு ஜோடி. இது 10,98,240 கைகளில் வரும். நூறில் 42. ஆக, ஒன்றும் இல்லாத கையும் ஒரு ஜோடிக் கையும் சேர்ந்து நூறில் 92-ஐ விழுங்கிவிடுகின்றன. மீதி எட்டுக்குள்தான் மற்ற எல்லாப் பெருமையும் அடக்கம். புதிதாக ஆடுகிறவர் 'இன்றைக்கு நமக்குச் சீட்டே வரவில்லை' என்று நொந்துகொள்வார். சீட்டு எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது.

இரண்டு ஜோடி 1,23,552. ஆல்டோவிடம் இருந்தது இதுதான். அமெரிக்காவின் பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் 'வைல்டு பில்' ஹிக்காக், 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் இருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் கையில் இருந்ததும் இரண்டு ஜோடி என்பார்கள்: இரண்டு ஏஸ், இரண்டு எட்டு. அதனால் அதற்குச் 'செத்தவன் கை' என்று பெயர். சுட்டவனுக்கு அந்தக் கையைப் பற்றிக் கவலை இருந்திருக்காது.

ஒரே எண்ணில் மூன்று சீட்டு 54,912. ஐந்து சீட்டும் வரிசையாக, ரகம் எதுவானாலும் சரி என்றால் 'ஸ்ட்ரெயிட்'. அது 10,200. வரிசை வேண்டாம், ஐந்தும் ஒரே ரகம் என்றால் 'ஃப்ளஷ்'. அது 5,108. மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 3,744.

இப்போது பிரன்சனையும் ஆல்டோவையும் மறுபடி பாருங்கள். 1,23,552-ஐ 3,744-ஆல் வகுத்தால் 33. ஒரு ஃபுல் ஹவுஸ் வரும் இடத்தில் 33 இரண்டு ஜோடி வந்துவிடும். ஆல்டோவின் ஏஸ்களுக்கு எவ்வளவு மினுமினுப்பு இருந்தாலும் இந்த 33-ஐத் தாண்ட முடியாது.

ஒரே எண்ணில் நான்கு சீட்டு என்பது 624. ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு வரிசையாக வருவது 'ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்'. மொத்தம் 40. அந்த நாற்பதிலும் உச்சியில் இருப்பது ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று ஒரே ரகத்தில் வரும் 'ராயல் ஃப்ளஷ்'. ரகத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கே நான்கு. 6,49,740 கையில் ஒரு கை! வாழ்நாள் முழுவதும் சீட்டாடியும் ஐந்து சீட்டில் இதைப் பிடிக்காதவர்கள் ஏராளம்.

மூணு சீட்டுக்காரரின் குழப்பம்

நம் ஊரில் சீட்டுப் பழகியவர் போக்கர் மேசைக்குப் போனால் ஓர் இடத்தில் கட்டாயம் இடறுவார். அது ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷும்.

மூணு சீட்டு ஆட்டம் தெரியும் அல்லவா? தெருவோரத்தில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு 'ராணி எங்கே?' என்று ஏமாற்றும் வித்தை அல்ல. ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்துப் பந்தயம் கட்டும் ஆட்டம். வடக்கே 'தீன் பத்தி' என்பார்கள். அதில் வரிசை பெரியது. ஒரே ரகம் அதற்குக் கீழே. போக்கரில் நேர் எதிர். ஒரே ரகம் பெரியது, வரிசை கீழே. பழைய பழக்கத்தில் ஒருவர் வரிசையை வைத்துக்கொண்டு, 'ஜெயித்தோம்' என்று பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் செய்தது தவறு? யாரும் இல்லை. இரண்டு ஆட்டத்திலும் கணக்கு சரிதான். மூன்று சீட்டில் மொத்தம் 22,100 கைகள். அவற்றில் வெறும் வரிசை 720. வெறும் ஒரே ரகம் 1,096. வரிசைதான் அரிது, ஆகவே அது பெரியது. ஐந்து சீட்டில் வரிசை 10,200, ரகம் 5,108. இங்கே ரகம் அரிது.

காரணம் எளிது. முதல் சீட்டு எதுவானாலும் சரி. மூன்று சீட்டு ஆட்டத்தில் அதே ரகம் இன்னும் இரண்டு முறை வந்தால் போதும். நூறில் ஐந்து தடவை வந்துவிடும். ஐந்து சீட்டு ஆட்டத்தில் நான்கு முறை தொடர்ந்து வர வேண்டும். அது ஆயிரத்தில் இரண்டு தடவைதான். சீட்டின் எண்ணிக்கை கூடக் கூட ஒரே ரகம் பிடிப்பது வரிசை பிடிப்பதைவிடக் கடினமாகிவிடுகிறது.

மூணு சீட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே மூன்றும் ஒரே எண்ணாக வருவதுதான் தலைமைக் கை. மூன்று ஏஸ் வந்துவிட்டால் ராஜயோகம் என்பார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தால் மூன்றும் ஒரே எண் 52 விதம். ஒரே ரகத்தில் வரிசை 48 விதம். நான்கு குறைவு! கணக்குப்படி ஒரே ரக வரிசைக்குத்தான் முதல் இடம் தரவேண்டும். வழக்கம் தரவில்லை. மேல்நாட்டுச் சூதாட்ட விடுதிகளில் நடக்கும் 'மூன்று சீட்டுப் போக்கர்' ஆட்டத்தில் கணக்கைப் பார்த்து மாற்றிவிட்டார்கள்.

நீராவிக் கப்பலில் வளர்ந்த ஆட்டம்

போக்கரின் வரிசையும் ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து எழுதியது அல்ல.

இந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் தோன்றி, மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களில் பரவியது. ஜோ கவல் என்ற இங்கிலாந்து நாடக நடிகர் 1829-ல் அப்படி ஒரு கப்பலில் இந்த ஆட்டத்தைப் பார்த்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது கட்டில் 20 சீட்டுதான். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நான்கு ரகத்திலும் இவை மட்டும். ஆட்டக்காரர்கள் நான்கு பேர். ஆளுக்கு ஐந்து. கட்டு காலி.

அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரெயிட் கிடையாது; ஃப்ளஷ் கிடையாது. ஐந்தே எண்கள் உள்ள கட்டில் வரிசைக்கு என்ன மதிப்பு? ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று, ஃபுல் ஹவுஸ், நான்கு, இவைதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நான்கு ஏஸ் கையில் வந்தவன் தோற்க வழியே இல்லை. நான்கு ராஜாவும் ஓர் ஏஸும் வைத்திருப்பவனும் அப்படியே. ஓர் ஏஸ் தன்னிடம் இருக்கும்போது வேறு எவனிடமும் நான்கு ஏஸ் இருக்க முடியாது அல்லவா? தோற்கவே மாட்டோம் என்று தெரிந்தவன் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது பந்தயமா, வழிப்பறியா?

பிறகு 52 சீட்டுக் கட்டு வந்தது. ஃப்ளஷ் சேர்ந்தது. ஸ்ட்ரெயிட் அதற்கும் பின்னால் வந்தது. ஆனால் சண்டையுடன் வந்தது. ஒரு மேசையில் ஸ்ட்ரெயிட் உண்டு. இன்னொரு மேசையில் இல்லை. ஆட உட்காருமுன் 'இங்கே ஸ்ட்ரெயிட் செல்லுமா?' என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்ட்ரெயிட் ஃப்ளஷைத் தலைமைக் கையாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் நான்கு ஏஸுக்கும் ஒரு பயம் வந்தது. ராயல் ஃப்ளஷ் நான்கு ரகத்திலும் உண்டு என்பதால், ஐந்து சீட்டும் கையிலேயே மறைந்திருக்கும் ஆட்டத்தில் அதை வைத்திருப்பவன்கூட 'நான் மட்டுமே ஜெயிப்பேன்' என்று சத்தியம் செய்ய முடியாது.

இங்கிலாந்துச் சீமான்களுக்குப் போக்கரைக் கற்றுக் கொடுத்தவர் ஓர் அமெரிக்கத் தூதர். ராபர்ட் ஷெங்க் என்பவர். 1870-களின் தொடக்கத்தில் ஒரு மாளிகை விருந்தில் அங்கிருந்த சீமாட்டி கேட்டுக்கொண்டதால், பழகுகிறவர்களுக்காக ஆட்ட விதிகளை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மையார் அதை அச்சடித்துவிட்டார். தூதர் சூதாட்ட விதி எழுதினார் என்று அவர் நாட்டில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் பதவி போனது சீட்டால் அல்ல. யூட்டாவில் இருந்த ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் பங்குகளை இங்கிலாந்தில் விற்கத் தம் பெயரைக் கொடுத்தார். சுரங்கம் வற்றிவிட்டது. 1876-ல் அவர் விலக நேர்ந்தது.

துணைச் சீட்டு

பத்து கைகளின் வரிசையைப் பாடம் செய்துவிட்டால் போக்கர் வந்துவிடுமா? பாடம் செய்தவர்கள்தான் அதிகமாகத் தோற்கிறார்கள். ஏனென்றால் பணம் போவது பெரிய கைகளில் அல்ல. சின்னக் கைகள் சமமாக மோதும் இடத்தில்.

நடுவில் ஏஸ், 9, 7, 4, 2 இருக்கின்றன. உங்களிடம் ஏஸும் எட்டும். எதிராளியிடம் ஏஸும் ராஜாவும். இருவருக்கும் ஏஸ் ஜோடி. யாருக்குப் பணம்? ஜோடி சமம் என்றால் அடுத்த பெரிய சீட்டைப் பார்ப்பார்கள். அவரிடம் ராஜா. உங்களுக்கு அடுத்தது நடுவில் கிடக்கும் ஒன்பதுதான். போயிற்று! இந்தத் துணைச் சீட்டைக் 'கிக்கர்' என்பார்கள். ஏஸைக் கண்டதும் துணைச் சீட்டை மறப்பது பழகுகிறவர்களின் முதல் நோய்.

இன்னும் சில உண்டு. ஏழு சீட்டில் மூன்று ஜோடி சேர்ந்தால் மூன்றுக்கும் மதிப்பு இல்லை. கை என்பது ஐந்து சீட்டுதான். பெரிய இரண்டு ஜோடியும் மிஞ்சியதில் பெரிய ஒரு சீட்டும் மட்டுமே எண்ணப்படும். ஏஸ் வரிசையின் மேலேயும் நிற்கலாம், ஏஸ், 2, 3, 4, 5 என்று கீழேயும் நிற்கலாம். ஆனால் ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று வளைத்துப் போட முடியாது. இஸ்பேட் உயர்ந்தது, கிளாவர் தாழ்ந்தது என்ற பேச்சும் இல்லை. ஐந்து சீட்டும் எண்ணில் சமமானால் பணத்தைப் பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான்.

கணக்கை நம்புகிறவர்களுக்கு இன்னொரு விசித்திரம். இந்த வரிசை ஐந்து சீட்டுக்குப் போட்டது. இன்று உலகம் ஆடும் ஹோல்டமில் ஏழு சீட்டு. ஏழு சீட்டை 13,37,84,560 விதமாக எடுக்கலாம். அதில் ஒரு ஜோடி 5,86,27,800. ஒன்றுமே சேராதது 2,32,94,460 மட்டும். அதாவது ஒன்றும் இல்லாத கைதான் ஜோடியைவிட அரிது! நியாயப்படி அதற்கு ஜோடியைவிட உயர்ந்த இடம் தரலாமா? தந்தால் எல்லோரும் தங்கள் ஏழு சீட்டில் ஜோடியைப் பிரித்துவிட்டு ஒன்றும் இல்லாத ஐந்தைப் பொறுக்கி எடுப்பார்கள். உடனே அது சர்வசாதாரணமாகிவிடும். ஆகவே பழைய வரிசையை யாரும் தொடவில்லை.

கணக்கர் ஜெயித்தார்

2003-ம் ஆண்டு உலகப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் ஜெயித்தார். 'பணம் பண்ணுபவர்' என்பது உண்மையாகவே அவர் குடும்பப் பெயர். இண்டர்நெட்டில் நடந்த தகுதி ஆட்டத்தின் வழியாக உள்ளே வந்தவர். எதிரே கைதேர்ந்த ஆட்டக்காரரான சாம் ஃபார்ஹா. கடைசி ஆட்டத்தில் ஃபார்ஹா கையில் ஜாக்கி, பத்து. மணிமேக்கர் கையில் ஐந்து, நான்கு. நடுவில் ஜாக்கி, 5, 4, 8, 5. ஜாக்கி ஜோடி, ஐந்து ஜோடி என்ற இரண்டு ஜோடிக்கு எதிராக மூன்று ஐந்தும் இரண்டு நான்கும். மறுபடியும் ஃபுல் ஹவுஸ்! பரிசு 25 லட்சம் டாலர்.

ஒரு சாதாரணக் கணக்கர் ஜெயித்த சேதி பரவியதும் உலகமெங்கும் புதிய ஆட்டக்காரர்கள் இண்டர்நெட் மேசைகளில் குவிந்தார்கள். அலை இந்தியாவுக்கும் வந்தது. ரம்மியும் போக்கரும் செல்போனுக்குள் புகுந்தன. பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளும் பத்திரிகைகளில் வந்தன. தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அந்த இரண்டுக்குமான தடையைச் சென்னை ஐகோர்ட்டு 2023 நவம்பரில் நீக்கியது. திறமையோ அதிர்ஷ்டமோ, இண்டர்நெட்டில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது.

திறமை உண்டா என்றால் உண்டு. ஆனால் அது கைகளின் வரிசையில் இல்லை. வரிசை என்பது கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போதுதான் பேசும். எதிராளி பயந்து சீட்டை வீசிவிட்டால் உங்கள் கையில் ராயல் ஃப்ளஷ் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று கேட்பார் இல்லை. எப்போது ஏற்றுவது, எப்போது வீசுவது என்பதில்தான் பழகியவர் பிழைக்கிறார். அவருக்கு எதிரே உட்காரும் புதியவருக்கோ, தம் கை எவ்வளவு சாதாரணமானது என்பதே தெரிவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ளப் பணம் தேவை இல்லை. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தால் போதும். ஜோக்கரை எடுத்துவிடுங்கள். நன்றாகக் குலுக்கி மேலே உள்ள ஐந்து சீட்டை எடுத்துப் பாருங்கள். என்ன கை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சீட்டைத் திருப்பிச் சேர்த்து மறுபடி குலுக்குங்கள். இப்படி நூறு தடவை. ஏறத்தாழ 50 தடவை ஒன்றும் இருக்காது. 42 தடவை ஒரு ஜோடி. ஐந்து தடவை இரண்டு ஜோடி. இரண்டு தடவை ஒரே எண்ணில் மூன்று. மிச்சம் உள்ள ஒரு தடவையில் ஸ்ட்ரெயிட்டோ அதற்கு மேலோ வரலாம். வராமலே போனாலும் கட்டில் குறை இல்லை. இரண்டு பேர் குலுக்கிப் பார்த்தால் அநேகமாக ஒருவருக்கு வராது.